மழைக்கு முன் கடிக்கிறது, மழைக்குப் பின் தொடுவதில்லை: காரணம் காற்றழுத்தமா, தண்ணீரா?

#1 · புதுமுள்

எல்லாருக்கும் வணக்கம். தூண்டில் பிடிக்க ஆரம்பிச்சு ரொம்ப நாள் ஆகல. கேள்வி சின்னப்புள்ளத்தனமா இருந்தா பொறுத்துக்கோங்க.

போன வாரம் மழைக்கு முந்தின சாயங்காலம் ஒரே மப்பு. புழுக்கம் தாங்கல. மண்புழு கோத்துப் போட்டா தக்கை நிக்கவே இல்ல, கெண்டையும் கெளுத்தியும் மாத்தி மாத்தி இழுத்துச்சு. ராத்திரி நல்ல மழை. ஒரு நாள் விட்டுப் போனேன். வானம் பளிச்சுன்னு இருந்துச்சு. அதே இடம், அதே புழு, அதே ஆழம். தக்கை அசையல.

போன்ல காற்றழுத்தம் காட்டுற ஆப் இருக்கு. மழைக்கு முன்னாடி இறங்கிட்டு இருந்துச்சு, அப்புறம் ஏறிடுச்சு. அழுத்தம் இறங்கினா கடிக்கும், ஏறினா வாயை மூடிக்கும்னு நெறைய பேர் சொல்றாங்க. நிஜமா?

இன்னொண்ணு. கடிக்காத அன்னைக்கு விடியக்காலையிலயே போயிட்டேன். தண்ணி மேல பூரா மீன் வாய். இரையை மூக்குக்கு நேரா போட்டாலும் சீண்டல. பசிக்காமலா மேல வந்துச்சு?

#2 · பழைய தக்கை

தம்பி, அழுத்தமேதான். இந்த ஆப் எல்லாம் வருவதற்கு முன்பே சுவரில் மாட்டும் அழுத்தமானியைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவோம்.

மீனுக்கு வயிற்றுக்குள் காற்றுப்பை இருக்கிறது. வெளியே அழுத்தம் மாறினால் அந்தப் பை விரியும், சுருங்கும். மீனுக்கு உடம்பு ஒரு நிலையில் இருக்காது, இரை எடுக்காது. நான் வைத்திருக்கும் கணக்கு இது: அழுத்தம் மெல்ல இறங்கும்போது நல்ல வேட்டை. அடிமட்டத்தில் போய் நின்றுவிட்டால் மந்தம். மழை விட்டுக் கிடுகிடுவென ஏறும்போது வீட்டில் படுத்துத் தூங்கலாம். ஏறி நிலைத்து இரண்டு மூன்று நாள் போனால் பழையபடி கடிக்கும்.

#3 · நீர்ச்சோதகன்

அண்ணன் சொன்ன வரிசை சரி. கரையில் நிற்கிற எல்லாரும் பார்ப்பதுதான். காரணத்தில்தான் எனக்குச் சண்டை.

கடல் மட்டத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ 1013 மில்லிபார். தண்ணீருக்குள் 10 மீட்டர் இறங்கினாலே இன்னொரு மடங்கு அழுத்தம் சேர்ந்துவிடும். ஆக, 1 மில்லிபார் என்பது 1 சென்டிமீட்டர் தண்ணீர். ஒரு சாதாரண மழைக்கு அழுத்தம் 5 மில்லிபார் இறங்குகிறது என்று வையுங்கள். மீனின் காற்றுப்பை அதை 5 சென்டிமீட்டர் மேலே வந்ததாகத்தான் உணரும். நடுத்தரமான புயல் தலைக்கு மேல் போய் 30 மில்லிபார் இறங்கினாலும் 30 சென்டிமீட்டர்தான். அதே மீன் அடியில் புழு கிளறிவிட்டு மேலே பூச்சி எடுக்க வரும்போது ஒரே நிமிடத்தில் 2 மீட்டர் ஏறுகிறது. அதாவது 200 மில்லிபார். அதற்கெல்லாம் உடம்பு நோகாத மீனுக்கு, இரண்டு நாளில் மெதுவாக மாறும் 5 மில்லிபார் எப்படி நோகும்?

அந்த மாற்றமும் மீன் ஒரு சாண் ஆழம் இறங்கினால் சரியாகிவிடும்.

ஆப் வைத்திருக்கும் புதுமுள்ளுக்கு ஒரு தகவல். நிலநடுக்கோட்டை ஒட்டிய வெப்பப் பகுதிகளில் காற்றழுத்தம் தினமும் இரண்டு முறை ஏறி இறங்கும். காலை 10 மணி, இரவு 10 மணி வாக்கில் உச்சம். அதிகாலை 4, மாலை 4 வாக்கில் தாழ்வு. மழை, புயல் எதுவும் இல்லாத நாளிலும் 3 மில்லிபார் வரை இந்த ஆட்டம் இருக்கும். நண்பகல் தாண்டி ஆப்பில் கோடு சரிவதைப் பார்த்து ‘ஆகா, இறங்குது, இன்னைக்கு வேட்டைதான்’ என்று கிளம்புகிறவர்கள் பாதிப் பேர் பார்ப்பது இந்த அன்றாட இறக்கத்தைத்தான். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் மீன் கடிக்கும். அந்தப் பெயர் அழுத்தத்துக்குப் போய்விடும்.

#4 · பழைய தக்கை

கணக்கெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஒன்றைச் சொல்லுங்கள். கெண்டை, கெளுத்தி வகைகளுக்குக் காற்றுப்பையிலிருந்து உள்காது வரைக்கும் சின்னச் சின்ன எலும்புகள் கோத்த சங்கிலி இருக்கிறதே, அது எதற்கு? நமக்குக் கேட்காத அதிர்வெல்லாம் அதற்குத் தெரிகிறது. ஐரோப்பாவில் அயிரைக்குப் பங்காளி முறையான ஒரு மீனைக் கண்ணாடிக் குடுவையில் விட்டு, அது துள்ளுவதை வைத்து மழை பார்த்தார்கள். அழுத்தம் தெரியாமலா துள்ளியது?

கண்ணால் கண்டதைக் கணக்கு போட்டு மறைக்க முடியாது தம்பி.

#5 · நீர்ச்சோதகன்

எலும்புச் சங்கிலி விஷயம் உண்மை. கெண்டை இனமும் கெளுத்தி இனமும் காது கூர்மையானவை. அயிரை வகைகள் வானிலை மாறும்போது பரபரப்பதும் உண்மை. தெரிந்துகொள்வது வேறு, தெரிந்ததும் சாப்பாட்டை நிறுத்துவது வேறு.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கெண்டைக்குக் காற்றுப்பையிலிருந்து தொண்டைக்குக் குழாய் உண்டு. காற்று கூடினால் ஏப்பம் விட்டுச் சரிசெய்துகொள்ளும். ஜிலேபி, கொடுவா போன்ற மீன்களுக்கு அந்த வழி அடைபட்டிருக்கும். இரத்தத்தின் வழியாகத்தான் மெல்லக் கூட்டிக் குறைக்க வேண்டும். உங்கள் கணக்குப்படி மழை விட்டதும் ஜிலேபி மட்டும் வாயை மூட வேண்டும், கெண்டை வழக்கம்போலத் தின்ன வேண்டும். அப்படியா நடக்கிறது?

அழுத்தம் இறங்கும்போது மேகம் வருகிறது, காற்று வருகிறது, வெளிச்சம் குறைகிறது, மழைத் தண்ணீர் புழு பூச்சியை அடித்துக்கொண்டு வருகிறது. இத்தனையையும் விட்டுவிட்டு அழுத்தத்தைக் காரணம் சொல்வது, தெருவெல்லாம் குடை விரித்ததால்தான் மழை வந்தது என்று சொல்வதற்குச் சமம்.

#6 · பழைய தக்கை

குடையைப் பார்த்தால் மழை என்று தெரிந்துகொள்ளலாம் இல்லையா? எனக்கு அது போதும். அழுத்தமானியைக் கழற்றப் போவதில்லை. 🙂

#7 · கரைவாசி

நீங்கள் இரண்டு பேரும் அடித்துக்கொண்டதில் புதுமுள்ளின் இரண்டாவது கேள்வி அப்படியே கிடக்கிறது. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. முதல் கேள்விக்கு விடையில் பாதி அதற்குள் இருக்கிறது.

விடியற்காலையில் மேலே தெரிந்த அந்த வாய்கள் இரை தேடி வந்தவை அல்ல. மூச்சுக்குத் தவித்தவை.

பகலில் பாசியும் நீர்ச்செடியும் வெயிலை வாங்கிக்கொண்டு தண்ணீருக்குள் உயிர்வளியை (ஆக்சிஜனை) விடுகின்றன. இரவில் அவையும் மீனோடு சேர்ந்து அதை எடுத்துக்கொள்கின்றன. அதனால் தண்ணீரில் உயிர்வளி மிக அதிகமாக இருப்பது பிற்பகலில், மிகக் குறைவாக இருப்பது விடிவதற்குச் சற்று முன். பச்சைப் பசேலென்று பாசி கட்டிய குளத்தில் சாயங்காலம் லிட்டருக்கு 12 மில்லிகிராமைத் தாண்டும். அதே குளத்தில் விடியும்போது 2, 3 என்று விழுந்து கிடக்கும். பெரும்பாலான மீன்களுக்கு 5 இருந்தால் நிம்மதி, 3-க்குக் கீழே போனால் திண்டாட்டம்.

முந்தின பகல் மூட்டமாக இருந்தால் பாசி சம்பாதித்தது குறைவு. இரவில் காற்றும் இல்லை என்றால் மேலிருந்து கலப்பதும் நின்றுவிடும். இதற்கு மேல், மழை வெள்ளம் கரையில் கிடந்த சருகு, சாணி, குப்பை எல்லாவற்றையும் உள்ளே கொண்டுவரும். அதை மக்க வைக்கும் நுண்ணுயிர்களும் உயிர்வளியைத்தான் தின்னும். நீங்கள் சொன்ன வானிலைக்கு அடுத்த விடியல் அப்படி ஆனதில் வியப்பே இல்லை.

இரையை மூக்குக்கு நேரே போட்டும் தொடாததற்குக் காரணம், சாப்பிடுவதும் மூச்சு கேட்கும் வேலை என்பதுதான். தின்ற மீனுக்குச் செரிமானம் முடியும் வரை உயிர்வளித் தேவை கூடுகிறது. ஏற்கெனவே மூச்சு முட்டும் மீன் தின்றால் செத்தும் போகலாம், அதனால் தின்பதில்லை. மீன் வளர்ப்பவர்களும் மூட்டமான நாளில் விடியற்காலையில் தீவனம் போட மாட்டார்கள்.

மேலே தெரிகிற மீன் மூச்சுக்கு வந்ததா, இரைக்கு வந்ததா என்று பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். மூச்சுக்கு வந்த மீன் ஒரே இடத்தில் சாய்வாக நிற்கும். மேல் உதடு நீர்மட்டத்தில் ஒட்டியபடி திறந்து மூடும், சத்தம் இருக்காது, வால் சுழற்றாது. காலால் கரையைத் தட்டினால்கூடச் சோம்பலாகத்தான் கீழே போகும், கொஞ்ச நேரத்தில் அதே இடத்துக்குத் திரும்பும். பெரிய மீன்கள்தான் முதலில் தவிக்கும். இறால் இருக்கும் தண்ணீர் என்றால் அது கரையோரம் ஏறி ஒட்டிக்கொண்டிருக்கும். இரைக்கு வந்த மீன் அப்படி இல்லை. ஒரு வளையம் போடும், ‘ளப்’ என்று ஒரு சத்தம், அடுத்த வளையம் ரெண்டு முழம் தள்ளி. உங்கள் நிழல் விழுந்தாலே காணாமல் போய்விடும்.

முதல் வகையைப் பார்த்தால் தூண்டிலை மடக்கி வைத்துவிட்டு, தண்ணீர் உள்ளே விழும் வாய்க்கால் முகத்துக்குப் போங்கள். அங்கே விழுகிற தண்ணீரில் காற்று கலந்திருக்கும். கடிக்கிற மீன் இருந்தால் அங்கேதான் இருக்கும். இல்லாவிட்டால் வெயில் ஏறி இரண்டு மூன்று மணி நேரம் ஆகட்டும்.

#8 · புதுமுள்

இப்படி யாரும் சொன்னதே இல்ல. நன்றி அண்ணா. விடியக்காலைதான் நல்ல நேரம்னு எல்லாரும் சொல்றாங்களே, அப்ப அது பொய்யா?

#9 · கரைவாசி

தெளிந்த, ஓடுகிற, ஆழமான தண்ணீருக்கு அது உண்மை. பாசி பிடித்துத் தேங்கின தண்ணீருக்கு, அதுவும் வெயில் காலத்தில், சாயங்காலம்தான் நல்லது.

சூட்டையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். 20 டிகிரி செல்சியஸ் நன்னீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் உயிர்வளியைப் பிடித்து வைக்கும். 30 டிகிரியில் ஏழரைதான். மீன் குளிர்ரத்தப் பிராணி. தண்ணீர் 10 டிகிரி சூடானால் அதன் உடம்புக்குள் நடக்கும் வேலைகள் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகமாகும். தேவை இரட்டிப்பாகிறது, கையிருப்பு குறைகிறது. ஓரளவு சூடு வரைக்கும் பசி கூடும், அதற்கு மேல் சட்டென்று விழுந்துவிடும். அந்த உச்சம் இனத்துக்கு இனம் வேறு. குளிர்நீர் மீனான டிரவுட் 20 டிகிரியைத் தாண்டினாலே சுணங்கும். ஜிலேபி அதே 20-க்குக் கீழே போனால்தான் சுணங்கும்.

#10 · விரால்பித்தன்

மூச்சு முட்டும் மீனைப் பத்திப் பேசுறீங்க, எங்க ஆளை மறந்துட்டீங்களே!

விராலுக்குத் தலைக்குள்ள, செவுளுக்கு மேல, காத்தை நேரா இழுக்கிற அறை இருக்கு. தண்ணில உயிர்வளி இருந்தா என்ன, இல்லாட்டி என்ன. அது மேல வந்து ஒரு வாய் காத்து குடிச்சுட்டுப் போயிடும். தேளி, பனையேறிக் கெண்டை எல்லாம் இதே சாதி. கெண்டையும் கட்லாவும் வாயைப் பிளந்துக்கிட்டு நிக்கிற அதே காலையில இவங்க பாட்டுக்கு வேட்டையாடுவாங்க. பக்கத்துல தவிச்சுக்கிட்டு நிக்கிற சின்ன மீன்தான் சாப்பாடு. கரைவாசி அண்ணன் தூண்டிலை மடக்கச் சொன்ன நேரத்துல நான் தவளை மாதிரி செஞ்ச போலி இரையை, அதாவது தவளை லூரைக் கட்டுவேன்.

பாசி ஓரம், தாமரை இலைக்கு நடுவுல இருக்கிற சின்னச் சின்ன ஓட்டை, இதுதான் இடம். மேல காத்து குடிக்க வந்த விரால் ஒரு குமிழியை விட்டுட்டு இறங்கும். அந்தக் குமிழிக்கு மேல போடாதீங்க, ஒரு கை நீளம் தள்ளிப் போட்டு மெதுவா இழுத்துட்டு வாங்க. உச்சி வெயில்லயும் இலை நிழலுக்குள்ள கடிக்கும்.

ஒண்ணே ஒண்ணு. மேல சிவப்பா கொத்தா குஞ்சு மொய்ச்சுக்கிட்டு இருந்தா கீழ தாயும் தகப்பனும் காவல் நிக்குதுன்னு அர்த்தம். லூர் போட்டா பாஞ்சு வந்து அடிக்கும். பசியில அடிக்கல, குஞ்சைக் காப்பாத்த அடிக்குது. அதைத் தூக்கிட்டா மிச்சக் குஞ்சு முழுக்க அடுத்த மீனுக்கு இரை. அதைப் பிடிச்சுட்டுப் படம் போடறவங்களைக் கண்டா எனக்கு ஆத்திரம் வரும்.

#11 · மேலக்காற்று

காற்றைப் பற்றி யாரும் பேசவில்லையே. எனக்கு மழையைவிடக் காற்றுதான் பெரிய விஷயம்.

காற்று எந்தக் கரையை நோக்கி அடிக்கிறதோ அந்தக் கரையில் நின்று, முகத்தில் காற்று வாங்கிக்கொண்டு போடுங்கள். வீசுவதற்குக் கஷ்டம்தான். ஆனால் மேல்மட்டத் தண்ணீர் காற்றின் வேகத்தில் சுமார் 3 விழுக்காடு வேகத்தில் அந்தப் பக்கம் நகர்கிறது. நுண்ணுயிர், விழுந்த பூச்சி, நுரை எல்லாம் அங்கே போய்ச் சேரும். அதைத் தின்னப் பொடி மீன், பொடியைத் தின்னப் பெரிய மீன். அலை கரையை அறைந்து மண்ணைக் கலக்கும், காற்றும் கலக்கும். மேலே நெளிவு இருப்பதால் வெளிச்சம் உடைந்து உள்ளே போகும், கரையில் நிற்கிற உங்கள் உருவமும் மீனுக்குத் தெளிவாகத் தெரியாது.

அரை நாளாவது ஒரே திசையில் அடித்திருக்க வேண்டும். இப்போதுதான் திரும்பிய காற்றை நம்பிக் கரை மாறாதீர்கள்.

#12 · பழைய தக்கை

இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். குளிர்காலத்தில் வாடை அடிக்கும்போது அந்தக் கரையில் நின்று பாருங்கள், வெறும் குளிர்தான் மிச்சம். அப்போது மறைவான பக்கம், வெயில் விழும் ஆழமில்லாத இடம், அங்கேதான் மீன் ஒதுங்கும்.

#13 · மேலக்காற்று

குளிர் காற்றுக்குச் சரி. வெதுவெதுப்பான காற்றுக்கு நான் சொன்னது. ஆனால் உங்கள் மறைவான கரையிலும் காற்று ஓய்ந்து மூன்று நாள் ஆனால் தண்ணீர் செத்துப்போகும். நான் அங்கே போய் உட்கார மாட்டேன்.

#14 · அலைவாய்

நான் கழிமுகத்தில் போடுகிறவன். குளத்துக்காரர்கள் பேசும் பாதி விஷயம் எங்களுக்குப் பொருந்தாது. எங்களுக்கு ஓட்டம்தான் எல்லாம். கடல் ஏற்றமோ வற்றமோ, தண்ணீர் நகர வேண்டும். நின்ற தண்ணீரில் கொடுவா சோம்பேறி.

இரண்டு ஏற்றங்களுக்கு நடுவே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் நாளைக்கு இதே நிலை சுமார் 50 நிமிடம் தள்ளி வரும். ‘நேற்று 6 மணிக்குக் கடித்தது, இன்றைக்கு 6 மணிக்குக் கடிக்கவில்லை’ என்று வானத்தைத் திட்டுகிறவர்கள் இந்த 50 நிமிடத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓட்டம் பலமாக இருக்கும். அட்டமி நவமி வாக்கில் மந்தம். ரொம்பப் பலமான ஓட்டத்தில் ஈயம் நிற்காது, தூணுக்குப் பின்னால், பாறை மறைவில், ஓட்டம் உடையும் ஓரத்தில்தான் போட முடியும். கொடுவாவும் அங்கேதான் நிற்கும். ஓட்டத்தை எதிர்த்து நீந்திக் களைப்பதைவிட, அடித்து வரும் மடவைக் குஞ்சுக்குக் காத்திருப்பது அதற்கு லாபம்.

பெருமழைக்குப் பின் கழிமுகத்தில் இன்னொன்று நடக்கும். ஆற்றிலிருந்து வரும் நன்னீர் எடை குறைவு, உப்புத் தண்ணீரின் மேலேயே படர்ந்து போகும். மேலே காபி நிறத்தில் ஓடுவதைப் பார்த்துவிட்டு எல்லாரும் கிளம்பிப் போவார்கள். ஆழமான மடுவில் அடியில் உப்புத் தண்ணீர் தெளிவாகக் கிடக்கும், உப்புத்தண்ணி மீனும் அங்கே இருக்கும். எடை கூட்டி அடிக்கு இறக்குங்கள்.

#15 · கெளுத்திராசா

கலங்கல் தண்ணீர்னா ஓடிப்போறவங்களுக்கு நன்றி, எங்களுக்கு இடம் கிடைக்குது 😀

கெளுத்திக்கு உடம்பு பூரா நாக்கு. மீசையில மட்டும் இல்ல, தோல் முழுக்கச் சுவை அறியும் மொட்டுகள் இருக்கு. கண்ணே தேவையில்ல. ஏரியில புதுத் தண்ணி இறங்கி நீர்மட்டம் ஏறும்போது, நேத்து வரைக்கும் காஞ்சு கிடந்த புல் கரை மூழ்கும் பாருங்க, முழங்கால் ஆழம்கூட இருக்காது, அங்க வந்து மேயும். நாத்தமான இரை போட்டு, இடம் மாத்தாம, பொறுமையா உக்காருங்க. மட்டம் இறங்க ஆரம்பிச்சா அதே மீன் விருட்டுன்னு ஆழத்துக்குப் போயிடும். ஏறும் தண்ணிக்குக் கரை, இறங்கும் தண்ணிக்கு மடு.

ஒரேயடியா சேறா ஓடுற முதல் வெள்ளத்துல மட்டும் நானும் போட மாட்டேன். கலங்கலும் தெளிவும் சந்திக்கிற கோடு உண்டாகும் வரைக்கும் பொறுப்பேன். அந்தக் கோட்டுல தெளிவான பக்கம் பொடி மீன் நிக்கும், கலங்கல் பக்கம் அதைத் தின்ன வந்தது நிக்கும்.

#16 · நீர்ச்சோதகன்

கலங்கலை அளக்க ஒரு பழைய வழி இருக்கிறது. 1865-இல் ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டிக் கடலுக்குள் இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று பார்த்தார். நீர் ஆய்வாளர்கள் இன்றும் அதைத்தான் செய்கிறார்கள். நமக்குத் தட்டு வேண்டாம், கையிலிருக்கும் வெள்ளை லூரை ராடு (தூண்டில் கோல்) முனையிலிருந்து இறக்கினால் போதும். ஒரு முழத்துக்குள் மறைந்தால் கண்ணை நம்பும் மீனை மறந்துவிட்டு, வாசனை இரை, இல்லாவிட்டால் அதிர்வு தரும் லூர் போடுங்கள். மீனின் விலாவில் தலையிலிருந்து வால் வரை ஓடும் கோடு, பக்கத்தில் தண்ணீர் அசைவதை உணரும் உறுப்பு. மெதுவாக இழுத்தால் அதற்குத் தேடிப் பிடிக்க நேரம் கிடைக்கும். ஆள் உயரத்துக்குக் கீழேயும் லூர் தெரிந்தால் மெல்லிய நரம்பு (தூண்டில் நூல்), சின்ன முள், தள்ளி நின்று வீசுங்கள்.

புதுமுள்ளின் முதல் கேள்விக்கு என் விடையும் இதை ஒட்டியதுதான். மழை விட்ட பளிச்சென்ற நாளில் வெளிச்சம் ஆழம் வரை இறங்கும். மேகமில்லாத இரவில் மேல்தண்ணீர் குளிர்ந்திருக்கும். வெள்ளம் கொண்டுவந்த புழுவை மீன் இரண்டு நாளாகத் தின்று வயிறு நிறைந்திருக்கும். அதோடு விடியலில் மூச்சு முட்டல். அதே இடம், அதே ஆழம் என்றீர்கள். மீன் இருந்த இடம் மாறியிருக்கும். நிழலுள்ள ஆழத்தில், சின்ன இரையோடு, பிற்பகல் 3 மணிக்கு மேல் போட்டுப் பார்த்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம்.

#17 · அந்திமுள்

நிலாக் கணக்கு பார்த்து நேரம் சொல்லும் அட்டவணைகள் வருகின்றனவே, நிலா உச்சிக்கு வரும்போது கடிக்கும், காலடிக்குக் கீழே போகும்போது கடிக்கும் என்று. குளத்துக்கும் பொருந்துமா?

#18 · நீர்ச்சோதகன்

1926-இல் ஜான் ஆல்டன் நைட் என்ற அமெரிக்கர் தொடங்கி வைத்த கணக்கு அது. கடலில் நிலா ஓட்டத்தை இழுக்கிறது, அலைவாய் சொன்னது போல அதற்கு அர்த்தம் உண்டு. குளத்தில் ஏற்ற வற்றம் அளக்கும் அளவுக்கு இல்லை. நிலா வெளிச்சம் இரவு வேட்டையை மாற்றும், அதை மட்டும் ஏற்பேன். அட்டவணை சொன்ன ‘நல்ல நேரம்’ விடியலோடோ அந்தியோடோ ஒத்துப்போகும் நாளில் மட்டும் அது பலிப்பதை நானும் பார்த்திருக்கிறேன்.

#19 · பழைய தக்கை

அழுத்தமும் இல்லை, நிலாவும் இல்லை. இனி உங்களைக் கேட்டுத்தான் மீன் கடிக்க வேண்டும்.

#20 · மேலக்காற்று

மழைக்கு முன் வேட்டை நன்றாக இருக்கும் என்று இத்தனை பேர் எழுதிவிட்டீர்கள், இதையும் எழுதிவிடுகிறேன். கார்பன் ராடு மின்சாரம் கடத்தும். வெட்டவெளிக் கரையில் அதைத் தூக்கிப் பிடித்து நிற்பவர்தான் சுற்றுவட்டாரத்தில் உயரமான பொருள். மின்னல் தெரிந்து 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் அது 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. ராடைக் கீழே போட்டுவிட்டுக் கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போங்கள். மரத்தடி வேண்டாம். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகாமல் திரும்ப வராதீர்கள். எவ்வளவு கடித்தாலும் சரி.

#21 · விரால்பித்தன்

👍 இதை மேலேயே ஒட்டி வைக்கணும்.

#22 · புதுமுள்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ரெண்டு சந்தேகம் மட்டும். ஒண்ணு, மேல தண்ணி சூடா இருக்கு, அடியில எப்படி இருக்குன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? ஆழத்துல போடுங்கன்னு சொல்றீங்க, எவ்வளவு ஆழம்? ரெண்டாவது, வெயில் நாள்ல பிடிச்சு விட்ட மீன் சில சமயம் மல்லாந்துடுது. ஏன்?

#23 · கரைவாசி

இரண்டாவதை முதலில் சொல்கிறேன். சூடான தண்ணீரில் உயிர்வளி குறைவு, போராட்டத்தில் மீன் இருப்பதையெல்லாம் செலவழித்துவிடும். மெல்லிய நரம்பில் நெடுநேரம் விளையாட்டுக் காட்டாதீர்கள், தடித்த நரம்பில் சீக்கிரம் இழுங்கள். கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள், முள்ளைத் தண்ணீருக்குள் வைத்தே கழற்றுங்கள். படம் எடுப்பதென்றால் நீங்கள் மூச்சை அடக்கும் நேரத்துக்குள் முடியுங்கள். விடும்போது தூக்கிப் போடாமல் நேராகப் பிடித்து நில்லுங்கள், தானாக வாலை அடித்துக் கையை விட்டுப் போகும். தண்ணீர் கொதிக்கும் நாளில், விடுவதற்காகப் பிடிக்கிறவர்கள் பிடிக்கவே போகாமல் இருப்பது நல்லது.

முதல் கேள்விக்கு: குறுகிய வாய் பாட்டில், கொஞ்சம் ஈயம், ஒரு தக்கை, இரண்டு கயிறு. ஒரு கயிற்றைப் பாட்டிலின் கழுத்தில் கட்டி முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள். மற்றொன்றைப் பாட்டில் வாயை அடைத்த தக்கையில் கட்டுங்கள். படகிலிருந்தோ மதகுத் திட்டிலிருந்தோ வேண்டிய ஆழத்துக்கு இறக்கித் தக்கைக் கயிற்றை வெடுக்கென்று இழுத்தால் அந்த ஆழத்துத் தண்ணீர் உள்ளே நிறையும். வேகமாகத் தூக்கி வெப்பமானியை உள்ளே விடுங்கள். ஒவ்வொரு முழமாகச் செய்து வந்தால் ஓரிடத்தில் சட்டென்று இரண்டு மூன்று டிகிரி குறையும்.

அதுதான் சூட்டுத் தண்ணீரும் குளிர்ந்த தண்ணீரும் கலக்காமல் நிற்கும் எல்லை. வெயில் காலத்தில் காற்றில்லாமல் பல நாள் கிடந்த ஆழமான ஏரியில் அந்த எல்லைக்குக் கீழே உயிர்வளி இருக்காது. முட்டை அழுகிய நாற்றம் அடித்தால் நிச்சயம் இல்லை. குளிர்ச்சியாக இருக்கிறதே என்று அங்கே இரையை இறக்கினால் நாள் முழுக்கத் தக்கை அசையாது. எல்லைக்கு ஒரு முழம் மேலே நிறுத்துங்கள். பெரிய மழையோ பலத்த காற்றோ வந்து அந்த இரண்டு தண்ணீரும் கலந்துவிட்டால் ஏரி முழுக்கக் கொஞ்ச நாளைக்கு மந்தமாகிவிடும், அப்போது திரும்ப அளந்துதான் பார்க்க வேண்டும்.

#24 · புதுமுள்

பாட்டில் ரெடி அண்ணா. ஞாயித்துக்கிழமை அளந்துட்டு வந்து முழக் கணக்கோட இங்கயே போடறேன். பழைய தக்கை ஐயா, அன்னைக்கு உங்க அழுத்தமானி என்ன காட்டுச்சுன்னு நீங்களும் போடுங்க.

#25 · பழைய தக்கை

போடுகிறேன் தம்பி. காலை 10 மணிக்கும் மாலை 4 மணிக்கும் இரண்டு தடவை பார்த்துப் போடுகிறேன், அந்தச் சோதகனும் பார்க்கட்டும்.